முதலில் தரையா, சுவரா என்று கேட்ட மகனுக்கு

மக்கா, ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீயும் உன் மனைவியும் வருகிறீர்கள். அதற்குள் முன்னறையைப் புதுப்பித்துவிட வேண்டும். சுவரில் அடியோரம் பெயிண்ட் உரிந்திருப்பதை, நீங்கள் கிளம்புமுன் எடுத்த போட்டோவில் பார்த்தாய். தரையும் மங்கிப்போய்க் கிடக்கிறது, அதை எடுத்துவிட்டு மரம்போலத் தெரியும் டைல்ஸ் போடலாம் என்று அவளுக்கு ஆசை. "முதல்ல தரையா, சுவராப்பா? உங்களுக்குத்தான் தெரியும்" என்று கேட்டிருக்கிறாய். பேச்சை முடிக்கப்போகும்போது ஏதோ ஞாபகம் வந்தவன்போல, "அப்பா, நீங்க பாத்ரூம்ல விழுந்தியளாமே. ஷைனி அக்காவ வந்து கூட இருக்கச் சொல்லுங்க. ரூமு சும்மாதான கிடக்கு" என்றும் சொல்லியிருக்கிறாய்.

உன்னைப்போலவே பேசி அனுப்பலாம் என்று போனை வாயருகே வைத்துப் பார்த்தேன். வாயில் வந்ததெல்லாம் அனுப்பக்கூடியதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். மாவுக்கட்டு இடதுகையில்தான் இருக்கிறது, எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று நினைக்கிறேன். வராமலும் போகலாம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். திங்கள்சந்தையில் பெயிண்டுக்கடை வைத்து உங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தவன் நான். பழைய தரையை உடைப்பதாக இருந்தால் அதுதான் முதல் வேலை. அந்தத் தூசியும் சுத்தியல் அடியும் சுவரைக் கெடுக்கும், கெடுவது பழைய சுவராகவே இருக்கட்டும். அடுத்தது மேல்கூரையும் சுவரும். வெடிப்புகளை அடைத்து, சுவரைச் சமமாக்கப் பட்டி போட்டு, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்டில் முதல் பூச்சையும் அடித்துவிட வேண்டும். சொட்டுவதெல்லாம் வெறும் சிமெண்டில் சொட்டும், யாருக்கும் கவலை கிடையாது. அதற்குப் பிறகு டைல்ஸ். சுவரடியில் ஸ்கர்ட்டிங் ஒட்டும்போது சுவரில் கறை படும், படட்டும். தரை நன்றாக இறுகியபின் அதன்மேல் கெட்டி அட்டை விரித்து, சுவருக்குக் கடைசிப் பூச்சை அடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். உன் கல்யாணத்துக்கு முன்பு நானும் இதையேதான் சொன்னேன். அன்றைக்கு நீ கேள்வி கேட்கவில்லை, உத்தரவு போட்டாய்.

உனக்கு அது முன்னறை. எனக்கு அது உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறை, அதற்குப் பிறகு ஷைனியின் அறை. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்தபோது நீ மஸ்கட்டில் இருந்தாய். புருஷன் அடிக்கிறான் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்தவளின் முதுகைப் பார்த்துவிட்டு உன் அம்மாதான் என்னிடம் வந்து சொன்னாள். உனக்குப் போன் செய்தபோது, "அக்கா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிருக்கலாம்" என்றாய். நீ சின்னப் பையன், அனுபவம் இல்லாமல் பேசுகிறாய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நீ அப்படியொன்றும் சின்னவன் இல்லை என்பதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஷைனிதான் அந்த அறையில் அவளோடு படுத்தாள். மெடிக்கல் ஷாப் வேலைக்குப் போகுமுன் அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, வாயில் கஞ்சி ஊற்றிவிட்டுப் போவாள். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்த அறைக்குத்தான் போவாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை. உண்மையிலேயே கிடைக்கவில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்தாய், அழுதாய், திரும்பிப் போனாய். அம்மா போனபின் அந்த அறையில் ஷைனி தனியாகப் படுத்தாள். சுவரில் ஆணி அடித்து அம்மாவின் படத்தை மாட்டினாள். ஜன்னலில் புதுத் திரை தைத்துப் போட்டாள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு சூட்கேசுடன் வந்தவள், முதல் தடவையாக இந்த வீட்டில் தனக்கென்று ஓர் அலமாரியைத் திறந்து துணி அடுக்கியதை நான் பார்த்தேன்.

பிறகு உனக்குப் பெண் அமைந்தது. நல்ல பெண், நல்ல குடும்பம். அவளைக் குறைசொல்லி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது என்றுதான் நம்புகிறேன். நிச்சயம் முடிந்த வாரம் நீ போன் செய்தாய்.

"அப்பா, முன்னறைய நல்லா மாத்தணும். அட்டாச்டு பாத்ரூம் அதுல மட்டுந்தான இருக்கு."

"அதுல அக்கா இருக்காளே மக்கா."

"அக்காவுக்கு என்னப்பா, ஒரு ஆளுதான? ஸ்டோர் ரூமுல ஒரு கட்டில் போட்டாப் போராதா? கல்யாணம் கழியுற வரைக்கும்லா."

போனில் பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசுவது என் வழக்கம், காது கொஞ்சம் மந்தம் என்பது உனக்குத் தெரியும். ஷைனி பக்கத்தில்தான் நின்று, மறுநாள் மெடிக்கல் ஷாப்புக்குப் போட்டுக்கொண்டு போகிற மேல்கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், "ஸ்டோர் ரூமுல கிடக்க தின்னர் டின்ன மட்டும் கடைக்கு மாத்திடுங்கப்பா. தலை வலிக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வாரமே அறையைக் காலி செய்தாள். அம்மாவின் படத்தைக் கழற்றினாள், ஆணியைப் பிடுங்கினாள், ஆணி இருந்த ஓட்டையைத் தானே பட்டி வைத்து அடைத்தாள். கடையில் மிச்சம் விழுந்த டின்களுக்கும் உடைந்த பிரஷ்களுக்கும் நடுவே ஒரு கட்டில் போட்டுப் படுத்தாள். அந்த அறையில் ஜன்னல் என்று சொல்லும்படி ஒன்று இல்லை.

ஒன்றைச் சொல்கிறேன் மக்கா, பிடித்தால் வைத்துக்கொள். ஒரு வீட்டில் ஓர் ஆளை அவர் இருக்கிற இடத்திலிருந்து எழுப்ப வேண்டும் என்றால், அதை அந்த ஆளிடமே நேரில் சொல். என்னிடம் சொல்லி என்னைக்கொண்டு சொல்லவைக்காதே. நீ ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டு, "அக்கா, கொஞ்ச நாளைக்கு மாறிக்கிடுவியா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உடனே சரி என்று சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். கேட்காமலேயே நடந்ததால் அவள் சிரிக்கவில்லை.

வேலை தொடங்கியது. பழைய தரையை உடைத்து அள்ளினார்கள். அடுத்து செல்லத்துரையை வரச் சொல்லியிருந்தேன். என் கடையில் பெயிண்ட் எடுத்து ஊரெல்லாம் அடிக்கிறவன், கை சுத்தம். அதற்குள் உன் போன் வந்துவிட்டது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், அவர்கள் வருமுன் டைல்ஸ் போட்டு முடித்துவிட வேண்டும் என்றாய்.

"மக்கா, பட்டியும் பிரைமரும் கழியட்டும். அது கழிஞ்சு தரை போடலாம். இல்லேங்கி எல்லாம் கீழதான் விழும்" என்றேன்.

"அப்பா, அவுங்க வரும்போ தரை பளபளன்னு கிடக்கணும். சுவரு அப்பறம் அடிக்கலாம்லா?"

"அடிக்கலாம். தரை போச்சு."

"நீங்க பெயிண்ட் விக்கிற ஆளு, அடிக்கிற ஆளு இல்லப்பா. நான் இங்க சைட்டுல தெனமும் பாக்கேன்."

நீ அங்கே கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி பார்க்கிறாய். ஆள் தலையில் தொப்பி இருக்கிறதா, இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறானா என்று பார்க்கிற வேலை. அது மரியாதையான வேலை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்றைக்கு நீ பேசின விதத்தில், என் முன்னால் உட்கார்ந்திருந்த செல்லத்துரை எழுந்து போய் முற்றத்தில் நின்றான், கேட்காததுபோல. டைல்ஸ் போடுகிறவர்களை நீயே போனில் பேசி வரவழைத்தாய். வெள்ளையும் சந்தனமும் கலந்த நிறத்தில் தரை வந்தது. அழகாகத்தான் இருந்தது. மேலே சுவர் பழைய அழுக்குப் பச்சையில் அப்படியே நின்றது.

பெண் வீட்டார் வருகிற அன்று ஷைனி லீவு போட்டிருந்தாள். காலையிலேயே மீன் வாங்கி வரச்சொல்லி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, கூட்டும் பொரியலும் செய்து முடித்தாள். அப்போது நீ கூப்பிட்டாய். "அப்பா, அக்கா இன்னைக்கு டியூட்டிக்குப் போவட்டும். அவுங்க பாத்தா ஏன் இங்க இருக்கா, என்ன ஏதுன்னு கேள்வி வரும்" என்றாய். அதையும் அவள் கேட்டாள். இந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அவள் கையைக் கழுவி, மேல்கோட்டை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போனாள். வந்தவர்கள் அவள் வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சமையல்காரி யார் என்று கேட்டார்கள். ஆள் வைத்துச் செய்தோம் என்று சொன்னேன். தரை நன்றாக இருக்கிறது என்று பெண்ணின் அம்மா சொன்னார். நீ விரும்பியது நடந்தது.

அதற்குப் பிறகு செல்லத்துரை வந்தான். "அண்ணே, புது டைல்ஸுக்க மேல நின்னு நான் பட்டி தேய்க்கணுமா? எனக்க பேருல்லா கெட்டுப்போவும்" என்றான். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டான். பிளாஸ்டிக் ஷீட் விரித்தான், ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். ஏணியை இழுக்க இழுக்க ஷீட் கிழிந்தது. மழைக்காலம், சுவர் காய மறுத்தது, கல்யாண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. காயாத பூச்சின்மேல் அடுத்த பூச்சு அடிக்க வேண்டியதாயிற்று. ஷீட்டை எடுத்துப் பார்த்தபோது தரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட். டைல்ஸ் இடுக்குகளில் பட்டித்தூள் ஈரத்தில் இறங்கி உறைந்து கிடந்தது. செல்லத்துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனிடம் தப்பு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து, வேலை முடிந்து வந்த ஒவ்வொரு சாயங்காலமும் ஷைனி அந்தத் தரையில் உட்கார்ந்தாள். பிளேடால் ஒவ்வொரு சொட்டாகச் சுரண்டினாள். நான் தடுத்தேன். "விடுட்டி, ஆள வெச்சு எடுக்கலாம்" என்றேன். "வாறவளுக்குக் கால்ல குத்தப்பிடாதுல்லாப்பா" என்றாள். அவளைத் துரத்திவிட்டுப் போட்ட தரையை அவளே முட்டுக்குத்தி உட்கார்ந்து துடைப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வீடியோவில் தரையைப் பார்த்த நீ, ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஒரே நாளில் போய்விடும் என்றாய். ஆசிட் அந்த டைல்ஸுக்கு ஆகாது என்று நான் சொன்னேன். நீ அவள் போனுக்கே செய்தி அனுப்பினாய். அவளிடம் நேராகப் பேச உனக்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். தம்பி சொன்னானே என்று அவள் செய்தாள். புள்ளிகள் போயின. கூடவே பளபளப்பும் திட்டுத் திட்டாகப் போனது, இடுக்குச் சிமெண்ட் அரித்துப்போனது. ரப்பர் கையுறைக்குள் ஆசிட் இறங்கி அவள் மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியது. கழுவிய தண்ணீர் சுவரடியில் ஊறி நின்றது. இன்றைக்கு நீ போட்டோவில் பார்த்துக் குறை சொல்கிற இடம் அதுதான்.

நீ வந்து இறங்கிய நாளை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து உன்னைக் கூட்டிவந்தது பெண்ணின் தாய்மாமா. பெட்டியைக்கூட இறக்காமல் அறையைத்தான் முதலில் பார்த்தாய். ஷைனி உனக்காகக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வாசலில் நின்றாள். ஜன்னல் பக்கம் குனிந்து தரையைப் பார்த்தாய்.

"யாரு இதக் கெடுத்தது?"

"நாந்தான் மக்கா, ஆசிட் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் அவள்.

நீ சொன்னதாக அவள் சொல்லவில்லை. தாய்மாமா நிற்கிறார் என்பதற்காக உன்னைக் காப்பாற்றினாள். நீ அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தாய். "எங்க அக்காவுக்கு எதையும் கெடுக்காம வெச்சிருக்கத் தெரியாது மாமா. அதான் இப்பிடி வந்து நிக்கா" என்றாய்.

அவர் சிரித்தார். விஷயம் அவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது, எதற்காக நாம் அவளை ஒளித்துவைத்தோமோ அது. ஷைனி காப்பித் தம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள். தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அதைப் பற்றி இங்கே நீட்டி எழுதி உன் குற்றத்தைக் குறைத்துக்காட்டப் போவதில்லை. என் பங்கு என்னோடு இருக்கட்டும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மணிக்கட்டுப் புண் தெரியாதபடி முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு அவள் எல்லாப் போட்டோவிலும் நிற்கிறாள், எடுத்துப் பார். விசா வந்ததும் நீங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்பினீர்கள். கார் ஏறுமுன் நீ அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் தந்தாய். "ரூம் பூட்டியே கிடக்கட்டும்பா. அவளுக்க சாமானெல்லாம் அலமாரியில இருக்கு. அக்கா இருந்தா ஆணியும் கீணியும் அடிப்பா, புதுப் பெயிண்ட்" என்றாய். மெதுவாகச் சொன்னதாக நினைத்தாய், ஷைனிக்கும் கேட்டது. கல்யாணம் கழிகிறவரைக்கும் என்றுதானே மக்கா முதலில் சொன்னாய்?

அந்த மாதம் முடியுமுன் ஷைனி வீடு தேடத் தொடங்கினாள். நம் ஊர் நெய்யூரிலும் திங்கள்சந்தையிலும் கேட்ட வீடெல்லாம் காலியாகத்தான் இருந்தது, அவள் தனி ஆள் என்று தெரிந்தவுடன் யாரோ முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக ஆகிவிட்டது. நம்முடைய சபையைச் சேர்ந்தவர்களே அப்படிச் சொன்னார்கள். கடைசியில் கடியப்பட்டணத்தில் கிடைத்தது. மெடிக்கல் ஷாப்புக்கு மருந்து வாங்க வருகிற பிலோமி என்கிற அம்மா, மீன் ஏலத்துக்குப் போகிறவர், தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். "புருசன் எங்கன்னு கேட்டு வீடு குடுக்க நான் என்ன போலீசா? ராத்திரி கேட்டப் பூட்டணும், கெணத்துத் தண்ணிய வீணாக்கப்பிடாது, அவ்ளோதான் எனக்க சட்டம்" என்றாராம். என்னிடம் ஷைனி இதைச் சொல்லும்போது, அம்மா போனதற்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் போய்ப் பார்த்தேன். கடல்காற்றில் சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கடையிலிருந்து பெயிண்ட் கொண்டுவருகிறேன், செல்லத்துரையையும் அனுப்புகிறேன் என்றேன். பெயிண்ட் போதும் என்றாள். அடுத்த ஞாயிறு நான் போனபோது பிலோமி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மேலே ஏறிநின்று மேல்கூரையை முடித்திருந்தாள். உப்பைச் சுரண்டி, கழுவிக் காயவைத்து, பிரைமர் அடித்துத்தான் தொடங்கியிருந்தாள். கீழே பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை, அதில் பெயிண்ட் சொட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அவசரம் இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். எல்லாம் முடிந்தபின் தரையைக் கழுவி ஒரு பாய் விரித்தாள். நான் அந்தப் பாயில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுப்பிச் சோறு போட்டாள். அந்த அறையில் அவள் எங்கே வேண்டுமானாலும் ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று பிலோமி சொல்லியிருக்கிறார். உன் அம்மாவின் படம் இப்போது அங்கே இருக்கிறது.

இப்போது நான் விழுந்த கதை. முன்னறையில் இருக்கிற குளியலறை பூட்டிக்கிடக்கிறது, அதனால் நான் பின்பக்கத்துப் பழைய குளியலறைக்குத்தான் போகிறேன். பாசி பிடித்த தரை, வழுக்கிற்று. பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ஷைனி மேல்கோட்டோடு பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கட்டுப்போட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள், "முன்னறை பாத்ரூமுக்குப் போவப்பிடாதாப்பா?" பூட்டியிருக்கிறதே என்றேன். "சாவி உங்க கையிலதான இருக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். உனக்குப் பயப்படுவது எனக்கு இவ்வளவு தூரம் பழகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆட்டோவை அவள் நம் வீட்டுக்கு விடவில்லை, கடியப்பட்டணத்துக்கு விட்டாள். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் நெய்யூருக்கு வந்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன். உன் செய்தி வந்தது அப்படி ஒரு நாளில்தான். சாயங்காலம் திரும்பிப் போய் அவளிடம் போட்டுக்காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"நீ என்னட்டி சொல்லுத? வருவியா?" என்றேன்.

"அந்த ரூமுல யாரு இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் வரமாட்டேன். நீங்க போணும்னா போங்க, இருக்கணும்னா இருங்க."

"அவனுக்கு என்ன பதில் சொல்ல?"

"சொல்லுங்க, அக்காவுக்கு இங்கதான் வேலைக்குப் பக்கம்னு."

அது பொய். இங்கிருந்து அவளுக்கு வேலைக்குப் போக நம் வீட்டைவிடத் தூரம் அதிகம். பொய் சொல்லி உன்னை இரண்டாவது தடவையாகக் காப்பாற்றப் பார்க்கிறாள். அதை உனக்குப் பதிலாக நான் சொல்லமாட்டேன். அவள் வராததற்குக் காரணம், தாய்மாமா முன்னால் நீ சிரித்தபடி சொன்ன வார்த்தை. அந்த வார்த்தை உனக்கு மறந்திருக்கலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

முன்னறை வேலையை நான் பார்க்கப்போவதில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். வந்து திறந்து, உடைக்கிறதை உடைத்து, உன் மனைவி விரும்புகிற தரையைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வேலை முதலில் என்று மேலே எழுதிவிட்டேன். செல்லத்துரை வரமாட்டான், நான் கேட்டுப்பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நான் இங்கே இருப்பேன். பிலோமி இப்போதே இறால் சொல்லிவைத்துவிட்டார்.

நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஷைனி வந்து நின்றாள். என்ன எழுதுகிறேன் என்று படிக்கவில்லை. "கோவமா எழுதிடாதீங்கப்பா, அவன் ஒத்தைக்குக் கிடந்து கஷ்டப்படுதான்" என்றாள். நீ ஒற்றைக்கு இல்லை, கல்யாணம் ஆகி மனைவியோடு இருக்கிறாய் என்பதை அவள் மறந்துவிட்டாள். அவள் மனதில் நீ இன்னும் முதல் தடவையாக விமானம் ஏறிப்போன பையன்தான். உன்னை விசாரித்ததாகவும் ஒரு வரி எழுதச் சொன்னாள். அதை எழுத என் கை ஓடவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நீயே அவளைக் கூப்பிடு. அவள் நம்பர் மாறவில்லை.